பன்னிரண்டு மஞ்சள் பொட்டுகள்

கையில் ஒட்டிய கிரீஸைப் போக்க சோப்பைவிட மரத்தூள்தான் நல்லது. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் படாமல் நன்றாகத் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கழுவ வேண்டும். முப்பத்தொரு வருடம் லாரி உதிரிபாகக் கடையில் நின்றவன் என்பதால் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு தகர டப்பா நிறைய மரத்தூள் எப்போதும் இருக்கும். அந்த டப்பாவைப் பற்றிப் பிறகு பேச வேண்டிவரும் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. நீங்கள் உள்ளே வைத்திருக்கும் பல் டாக்டர் விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. லாரியின் பின் அச்சில் இருக்கும் பல்சக்கர வேலையைத் தவிர அவர் வேறு எதையும் தொடமாட்டார், அதனால் டிரைவர்கள் வைத்த பெயர் அது. என் தங்கையின் கணவருடைய லாரியில் அவர் செய்த வேலை மோசம், அதனால்தான் மலை இறக்கத்தில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, லாரி கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போனது, மாப்பிள்ளை இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சில திருத்தங்கள் இருக்கின்றன. வரிசையாகச் சொன்னால்தான் சரியாக வரும்.

கடையில் எனக்கு ‘நம்பர்’ என்று பெயர். எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்று புத்தகம் பார்க்காமல் எண்ணைச் சொல்வேன். மெக்கானிக்குகள் பந்தயம் கட்டிக் கேட்பார்கள். ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஆனால் எடுத்துக் கொடுத்த சாமான் எதையும் நான் மாட்டியதில்லை. அது கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் வேலை. சாமானை வாங்கிக்கொண்டு போகும்போது அவர்கள் முகத்தில் ஒரு தோரணை இருக்கும். வேலை இனிமேல்தான் ஆரம்பம் என்பதுபோல. அதை முப்பத்தொரு வருடம் பார்த்தேன்.

கடையை ஒரேயடியாக மூடியபின் தங்கை வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தேன். எனக்குக் குடும்பம் இல்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர். இறந்துபோனவரைப் பற்றி உபசாரமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் கட்டிலை அவரே தோளில் சுமந்து மாடியேற்றினார். வெளியூர் போனால் எனக்கும் சேர்த்துத்தான் செருப்பு வாங்கிவருவார். என் கால் அளவு அவருக்குத் தெரியும்.

ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால் அவருடைய லாரியின் பின் அச்சிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் கூடினால் ஊளையிடும், குறைந்தால் முனகும். உள்ளே பெரிய சக்கரம் ஒன்றும் சின்னச் சக்கரம் ஒன்றும் இருக்கின்றன. பெரியதற்கு கிரவுன், சின்னதற்கு பினியன் என்று பெயர். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுவது இந்த ஜோடிதான். சத்தத்தைக் கேட்டவுடனே பினியன் பல் உதிர்கிறது என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“நானே பார்த்துடறேன், மாப்பிள்ளை. பெட்டியில சாமான் இருக்கு.”

அவர் சோற்றுக் கையோடு சிரித்தார். “மச்சான், நீங்க நம்பரைச் சொன்னா லாரியே எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிக்கும். ஆனா நீங்க ஸ்பேனரை எடுத்தா அது பயந்து ஓடிடும். பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். கையில ரெண்டு வண்டி இருக்காம், பத்து நாள்ல வரேன்னாரு. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்.”

“எங்க அண்ணனுக்கு பல்ப் மாத்தவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடணும்” என்றாள் தங்கை. “ஏட்டுச் சுரைக்காய்.”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அதில் மனவருத்தம் எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடிக்குப் போய் யோசித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் இல்லை நான். தெரிந்தவரிடம் கொடுப்பதில் நன்மை உண்டு. பல் டாக்டர் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறார், அளவுக் கருவி வைத்திருக்கிறார், ஒரே நாளில் முடித்துவிடுவார். நாமே செய்வதிலும் நன்மை உண்டு. சாமான் கையில் இருக்கிறது, நேரம் கொள்ளாமல் கிடக்கிறது, பத்து நாள் காத்திருக்க வேண்டாம். தன் கையே தனக்கு உதவி என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எப்படி நிறுத்துப் பார்த்தாலும் இரண்டு தட்டும் சமமாகத்தான் நின்றன. அந்தச் சிரிப்பை மட்டும் எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் பெரியம்மா இறந்த செய்தி வந்தது. இருவரும் மூன்று நாள் வெளியூர் போனார்கள். நான் லாரி நின்ற கொட்டகையின் கதவைத் திறந்தேன்.

வேலை கடினம்தான், ஆனால் பிரமாதம் ஒன்றும் இல்லை. முதலில் சக்கரத்துக்குப் போகும் தண்டுகளை உருவ வேண்டும். பிறகு அச்சின் நடுவில் குடம்போல் உப்பியிருக்கும் கூட்டின் பன்னிரண்டு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உள்ளே இருப்பது ஒரு ஆள் கனத்துக்கு மேல் இருக்கும். சங்கிலிக் கப்பி வாடகைக்கு எடுத்துவந்தேன். முதல் நாள் சாயங்காலம் கிரவுனையும் பினியனையும் மேசைமேல் ஏற்றிவிட்டேன். சொன்னதுபோலவே பினியனில் இரண்டு பல் உடைந்திருந்தது. தனியாக உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை.

இங்கே ஒரு விஷயம். கிரவுனையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பழக்கித்தான் அனுப்புவார்கள். இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். எண் வேறென்றால் ஜோடி வேறு. பல்லின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் உரசல் ஒன்றாக இருக்காது. ஆயிரம் பேருக்காவது நான் இதைச் சொல்லியிருப்பேன். “ஜோடியைப் பிரிக்காதீங்க, அப்புறம் குடும்பம் நடக்காது” என்பது கவுன்டரில் என்னுடைய வழக்கமான நகைச்சுவை.

என் பெட்டியில் இருந்த கிரவுனில் 417 என்று கீறியிருந்தது. பினியனில் 263. கடை மூடும்போது மிஞ்சிக் கிடந்தவை என்று முதலாளி கொடுத்தது. பெரியதில் நாற்பத்தொரு பல், சின்னதில் ஆறு பல், எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எண்களைக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் என்னை நம்பர் என்று கூப்பிடுவார்கள், ஐயா. கவனித்தேன்.

இரண்டாம் நாள் மேசைமேல் வைத்தே இரண்டையும் மாட்டினேன். சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கிரவுனின் பற்களில் நீலப் பசையைத் தடவிக் கையால் சுற்றினால், பினியன் எங்கே உரசுகிறதோ அங்கே பசை வழித்துக்கொள்ளும். அந்தத் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். எனக்குப் பல்லின் ஓரத்தில், நகம் அளவுக்கு விழுந்தது. இடையில் வைக்கும் தகடுகளை மாற்றிப் பார்த்தேன். மறு ஓரத்துக்குப் போனது. பதினோரு தடவை மாற்றினேன். நடுவுக்கு வரவே இல்லை. முழு லாரியின் பாரமும் அந்த நகத்தளவு இடத்தில்தான் இறங்கும் என்பது எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று யாரும் எழுதக் கூடாது.

மூன்றாம் நாள் காலையில் பல் டாக்டர் அந்த வழியாகப் போனவர் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் பார்த்ததாகச் சொன்னது இந்த வருகையைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

பல் டாக்டர் மேசை அருகே குனிந்தார். ஒரு விரலால் கிரவுனைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார்.

“கழட்டுனதெல்லாம் சுத்தமா கழட்டியிருக்கீங்க” என்றார். “ஆனா இது ஜோடி இல்லையே, அண்ணே. இதை ஓட்டக் கூடாது. பாரம் ஏத்தி இறக்கத்துல விட்டா பல்லு ஒடைஞ்சு நடுவுல சிக்கிக்கும். அப்படியே மூடி வையுங்க. நான் செவ்வாய்க்கிழமையே ஜோடியோட வந்து போட்டுடறேன்.”

அவர் டப்பாவிலிருந்து மரத்தூளை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“உங்க மாப்பிள்ளைகிட்ட நான் எதுவும் சொல்லிக்க மாட்டேன். நீங்க தொட்டதே தெரிய வேணாம். நம்மளுக்குள்ள இருக்கட்டும்.”

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். கேலி எனக்குப் பழக்கம். அவர் அவ்வளவு மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோலப் பேசினார். அவர் போனபிறகு வெகுநேரம் நின்றேன். பிறகு மேசைமேல் இருந்ததைக் கப்பியால் தூக்கி அச்சுக்குள் வைத்து, கூட்டை மூடிப் பன்னிரண்டு போல்ட்டுகளையும் இறுக்கினேன்.

லாரியைத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். முன்னைவிட அதிகமாக ஊளையிட்டது. பழைய லாரியை விற்பவர்கள் சத்தத்தை மறைக்க ஒரு வித்தை செய்வார்கள், கவுன்டரில் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அச்சின் எண்ணெயில் இரண்டு கைப்பிடி மரத்தூளைப் போட்டுவிடுவார்கள். பற்களுக்கு நடுவில் மெத்தைபோல் இருந்து சத்தத்தை அடக்கிவிடும், கொஞ்ச நாளைக்கு. அந்த டப்பாவை எடுத்து நான் மூன்று கைப்பிடி போட்டேன். லாரி பூனைபோலப் போனது.

பல் டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை இறுக்கியதும் தீக்குச்சி முனையால் மஞ்சள் பெயின்டைத் தொட்டு, பாதி போல்ட்டிலும் பாதி கூட்டிலும் படுகிறமாதிரி ஒரு பொட்டு வைப்பார். போல்ட் தளர்ந்தால் பொட்டு முறிந்துவிடும். வேறு யாராவது திறந்தாலும் தெரிந்துவிடும். அந்தப் பொட்டைப் பார்க்காமல் எந்த டிரைவரும் பாரம் ஏற்றமாட்டான். அந்த மஞ்சள் பெயின்டைப் பல வருடமாக அவருக்கு விற்றவனே நான்தான். பெட்டியில் ஒரு குப்பி மிச்சம் இருந்தது. பன்னிரண்டு பொட்டு வைத்தேன். அவர் கையைவிட என் கை நிதானமானது என்று தோன்றியது.

இருவரும் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்கள். பல் டாக்டர் முன்னாடியே வந்து முடித்துவிட்டார் என்று சொன்னேன். மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடி, குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“பொட்டு வெச்சுட்டாரு. அவர் கை வெச்சா வெச்சதுதான். மச்சான், இப்ப என்ன சொல்றீங்க? நீங்க கை வெச்சிருந்தா நான் மாட்டு வண்டி இல்ல வாங்கியிருக்கணும்?”

அப்போது சொல்லியிருக்கலாம். ‘அது என் கை’ என்று சொல்ல நாக்குவரை வந்தது. லாரி ஒரு நடை போய்த் திரும்பியபிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். ஓடிக் காட்டிய வேலையை யாரும் மறுக்க முடியாது. அந்தக் காட்சியைப் பலமுறை மனதில் பார்த்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். தங்கையும் பார்க்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அன்று மாலையே தரைக்கல் பாரம் ஒன்று வந்தது. செவ்வாய்க்கிழமை காலை புறப்பாடு, மலைப்பாதை வழி. மலைக்கு அந்தப் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பார்க்கத் தங்கையும் கூடவே போவதாக ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு அவள் பையோடு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கும்மா” என்றேன். “நீ இன்னிக்கு இரேன்.”

“என்னண்ணே, இப்பத்தானே நல்லா இருந்தே?”

“தனியா இருக்க முடியும்னு தோணலை.”

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே இறங்கினாள். மாப்பிள்ளை, “மச்சானைப் பாரு, பாப்பாவை அடுத்த நடையில பார்த்துக்கலாம்” என்றார். வழக்கம்போலக் கீழே குனிந்து பன்னிரண்டு பொட்டையும் ஒரு பார்வை பார்த்தார். கூட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். ஏறிப் போனார். லாரி தெருமுனையில் திரும்பி மறையும்வரை சத்தமே இல்லை.

ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் வந்தார், சாக்கில் சுற்றிய புது ஜோடியோடு. காலியான கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டி எங்கண்ணே?”

“பாரம் ஏத்திட்டுப் போயிருக்காரு.”

“எந்த வழியா?”

சொன்னேன். அவர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தார். மாப்பிள்ளை ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். அது அவருடைய நல்ல பழக்கம். பல் டாக்டர் ஆறேழு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பைக்கை உதைத்துக்கொண்டு மலைப்பக்கம் போனார். அவர் எட்டிப் பிடித்துவிடுவார் என்று நினைத்தேன். எட்டிப் பிடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றும் நினைத்தேன். இந்த இரண்டில் எதை அதிகமாக நினைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தங்கை உள்ளே எனக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். கஷாயத்தை முழுவதும் குடித்தேன்.

விழுந்த லாரியின் பக்கத்தில் பல் டாக்டரை உங்கள் ஆட்கள் பிடித்தார்கள். உடம்பை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாராம். குற்றம் செய்த மனசு குறுகுறுக்க வந்திருக்கிறான் என்று எழுதினீர்கள். பொட்டுகள் அவருடையவை என்று நாலு டிரைவர்கள் சொன்னார்கள், தையல்காரர் சாட்சி சொன்னார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவர் மடியில் ஒன்றும் இல்லை. உள்ளதை உள்ளபடி உங்களிடம் சொன்னார். வண்டியைத் திறந்து வைத்திருந்தது அந்த வீட்டு அண்ணன், ஓட்டாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று.

அதைச் சரிபார்க்க நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள், ஞாபகம் இருக்கும். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்றிலிருந்து எதுவுமே வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவர் கடைசியாக வாங்கித் தந்த செருப்பைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் என்னைக் கேட்கவில்லை. தங்கையைத்தான் கேட்டீர்கள்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். “எங்க அண்ணனா? அவருக்கு ஒரு ஸ்குரூகூடத் திருப்பத் தெரியாதுங்க. பாவம், அவரை ஏன் இதுல இழுக்கறீங்க?”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் கையைப் பார்த்தீர்கள். உதட்டோரம் லேசாகச் சிரித்துவிட்டு நோட்டை மூடினீர்கள். அது மரியாதை நிமித்தம் அடக்கிய சிரிப்பு. எனக்கு அதன் எண் தெரியும்.

அப்போதும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று வக்கீல் வந்து வாகன ஆய்வாளரின் அறிக்கையைத் தங்கைக்குப் படித்துக் காட்டினார். ஜோடி வேறு என்று இருந்தது, சரி. எண்ணெயில் மரத்தூள் இருந்தது, அதுவும் சரி. கடைசி வரியில், ‘இது தொழில் அறவே தெரியாத ஒருவர் செய்த வேலை’ என்று இருந்தது. தங்கை தலையை ஆட்டினாள். பல் டாக்டர் போயும் போயும் இப்படி ஒரு வேலையைச் செய்தாரே என்று காறித் துப்பினாள். நான் மாடிக்குப் போனேன். தூக்கம் வரவில்லை. பத்தொன்பது நாளில் முதல்முறை. அதனால்தான் காலையில் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்பது புரிகிறது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் இருந்ததா என்று. இல்லை. லாரி உடையும் என்று தெரியுமா என்றால், தெரியும். எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. தெரியாமலா தங்கையை இறக்கினேன்? மாப்பிள்ளையை இறக்க வேண்டும் என்றால் காய்ச்சல் போதாது, உண்மையைச் சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்ல முடியவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

பல் டாக்டரை விட்டுவிடுங்கள். அவர் வீட்டிலும் ஆட்கள் காத்திருப்பார்கள்.

தங்கையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், லாரி நானூறு அடி உருண்டபிறகும் கூட்டின் பன்னிரண்டு பொட்டில் ஒன்றுகூட முறியவில்லை என்று ஆய்வாளரே எழுதியிருக்கிறார். வக்கீல் அந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டார். அதை மட்டும் அவளுக்கு நிறுத்தி, நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.